ஒரு ளகரம் பிசகியது

14

போன வாரம், மைக்செட் பெத்துராஜ் வீட்டுச் சுவரில் யாரோ சாணியை வீசிவிட்டுப் போனதையும், அவர் மனைவி ஜெயபாக்கியம் அதைக் கழுவிவிட்டு, "மாடு போட்டிருக்கும்" என்று மகளிடம் வாய் கூசாமல் பொய் சொன்னதையும் பார்த்தோம். நெஞ்சு உயரத்துக்குச் சாணி போடுகிற மாடு போடியில் எங்கே இருக்கிறது என்று ரெபேக்காள் கேட்கவில்லை. அவள் எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. கேட்டால் அம்மா அழுதுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

இத்தனை கூத்துக்கும் காரணம் ஒரே ஒரு சொல்.

ரெபேக்காளைக் கட்டியவன் அவுசேப்பு. மலைக்கு அந்தப் பக்கம், பூப்பாறைக்காரன். போடியில் ஏலக்காய்க் கிடங்கில் தரம் பார்க்கிற வேலை. போன திங்கட்கிழமை மலையிலிருந்து இறங்கி வந்த கூலியாட்கள் இரண்டு பேர் கிடங்கு வாசலில் நின்று, "அங்க கூட்டம் போட்ட நம்மாளுகளைப் போலீசு அடிச்சு நொறுக்கிட்டான்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் உள்ளே அவுசேப்பு ஒரு காயைப் பிளந்து, விதையை நாக்கில் வைத்துப் பார்த்து, "கொள்ளாம்" என்றான்.

மலையாளத்தில் கொள்ளாம் என்றால் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அவன் காயைச் சொன்னான். வாசலில் நின்றவர்கள் காதில் அது 'கொல்லாம்' என்று விழுந்தது. தமிழனை அடித்தார்கள் என்றால், கொல்லலாம் என்கிறானே இந்தச் சேட்டன்!

அப்புறம் கேட்க வேண்டுமா? தேவிகுளமும் பீர்மேடும் நமக்கில்லை, மலையாளச் சீமைக்குத்தான் என்று மாநில எல்லைக் கமிஷன் அறிக்கை வந்து, ஊரே கொதித்துக்கொண்டிருந்த ஐப்பசி மாதம் அது. மூன்றே நாளில் அந்தச் சொல் கிடங்கிலிருந்து கடைத்தெருவுக்கும், கடைத்தெருவிலிருந்து தண்ணீர்க் குழாயடிக்கும் போய், வியாழக்கிழமை காலையில் ஒலிபெருக்கி வழியாக ஜெயபாக்கியத்தின் அடுப்படிக்கே வந்து சேர்ந்தது.

அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஜட்கா வண்டி ஒன்று கூவிக்கொண்டு போனது.

"இன்று மாலை நாலு மணிக்கு, பஸ் ஸ்டாண்டை அடுத்த பொட்டலில், மாபெரும் கண்டனக் கூட்டம்! தமிழனைக் கொல்லச் சொன்ன துரோகிக்குத் தமிழன் தரும் பதில் என்ன? அஞ்சாநெஞ்சன் தங்கப்பாண்டி வீர முழக்கம்! திரண்டு வாரீர்!"

சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள். சொன்ன சேதி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கரகரப்பு! விளிம்பு நசுங்கிய ஒலிபெருக்கிக் கூம்பு அது. போன கிறிஸ்துமசுக்குக் கோயில் கூரையிலிருந்து விழுந்து நசுங்கினது. ஊரில் வேறு எவனிடமும் அப்படி ஒரு கூம்பு கிடையாது.

"என்னங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில், முன் அறையில் வயர் சுற்றிக்கொண்டிருந்த பெத்துராஜ் எழுந்தே விட்டார்.

"நம்ம கூம்புதானே அது?"

"ஆமா."

"நம்ம மருமகனைத் திட்டுறதுக்கு நம்ம மைக்கா? உங்களுக்குக் கொஞ்சமாச்சும் இருக்கா?"

"மெள்ளப் பேசு பாக்கியம், புள்ளை காதுல விழுகப் போகுது." பெத்துராஜ் குரலை இறக்கினார். "நேத்து அந்தத் தங்கப்பாண்டி எட்டுப் பேரோட வந்து நின்னான். மாட்டேன்னா, பாத்தியா, சேட்டனுக்கு மாமனார் சாயுறான்னு சொல்லுவான். நான் தரலேன்னா சின்னமனூர்ல போய் ஒரு செட்டைக் கொண்டாந்துருவான். எப்படியும் பேசத்தான் போறான். நம்ம செட்டுன்னா திருகாச்சும் என் கையில இருக்கும்ல? எல்லை மீறுனா சத்தத்தைக் குறைச்சிருவேன்."

அவர் பயந்த மனிதர். கெட்டவர் இல்லை. முப்பது வீட்டுக் கல்யாணத்துக்குப் பாட்டுப் போட்டு, ஒருவரிடமும் பொல்லாப்பு இல்லாமல் வந்தவர். அப்படிப்பட்டவருக்கு இந்த மாதிரி நேரத்தில் புத்தி இப்படித்தான் போகும்.

"அது கிடக்கட்டும்," என்றாள் ஜெயபாக்கியம். "முதலாளி சோலியா மாப்ள நேத்து மலைக்குப் போயிருக்காரு. இன்னிக்கு எத்தனை மணிக்கு எறங்குவாரு?"

"அஞ்சு மணி ஜீப்புல."

"ஜீப்பு எங்க வந்து நிக்கும்?"

பெத்துராஜ் வயரைக் கீழே போட்டார். பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கும் என்பதை அவர் அதுவரை நினைத்துப் பார்க்கவே இல்லை.

*

பெத்துராஜின் தம்பி சௌந்தரபாண்டியன் வக்கீல். அடுத்த வீடு. நாற்பத்திரண்டாம் வருடம் தேவாரத்தில் ஒரு பிரசங்கம் செய்து, ஒன்பது மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவர். அந்த ஒன்பது மாதத்துக்காக ஊர் இன்றைக்கும் அவரைப் பார்த்தால் துண்டைத் தோளிலிருந்து இறக்கும். ஜெயபாக்கியம் ஈரக்கையோடு போய் அவர் மேசை முன்னால் நின்றாள்.

"தம்பி, இந்தக் கூட்டத்தை நிப்பாட்ட முடியுமா முடியாதா?"

"முடியும் மதினி. நூத்தி நாப்பத்தி நாலு போடச் சொல்லி ஒரு மனு. கலகம் வரும்னு நான் எழுதிக் கொடுத்தா மத்தியானத்துக்குள்ள தடை வந்துரும்."

"அப்பக் கொடுங்க வெரசா."

"கொடுக்க மாட்டேன்."

இப்படி ஒரு பதிலை அவள் எதிர்பார்க்கவே இல்லை.

"கோபப்படாம கேளுங்க," என்றார் அவர். "மலையில நம்ம ஆளுகளை எதுக்கு அடிச்சாங்க? கூட்டம் போட்டதுக்கு. அங்க தடை போட்டவனும் கலகம் வரும்னுதான் எழுதிக் கொடுத்திருப்பான். இன்னிக்குத் தங்கப்பாண்டி வாயை அடைக்க நான் துணி கொடுத்தேன்னா, நாளைக்கு அதே துணியை மலையில நம்ம ஆளுக வாயிலயே அவன் திணிப்பான். பிடிச்ச பேச்சுக்கு மட்டும் சுதந்திரம்னா அதுக்குச் சட்டம் எதுக்கு மதினி? பிடிக்காத பேச்சுக்குத்தான் சட்டம் வேணும்."

"மலையில இருக்கிறவுக கூலி கேட்டாக, பாஷையைக் கேட்டாக. இவன் ஆளோட உயிரையில்ல கேக்குறான்!"

"வாயாலதானே கேக்குறான்? கேக்கட்டும். எவனாச்சும் கையை ஓங்குனா, அந்த நிமிசம் நான் குறுக்க நிப்பேன். வாய் வேற, கை வேற."

"உங்களுக்கு வேற. எனக்கு ஒண்ணுதான். கை தானா எந்திரிக்கும்னா நினைக்கிறீக?"

சௌந்தரபாண்டியன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் சொல்றது பொய். பொய்யை எப்படி அடிக்கணும்? நிஜத்தைச் சொல்லித்தான். நாளைக்கே ஒரு கூட்டம் போடுவோம். மாப்பிள்ளையை நானே மேடையேத்துறேன். நான் சொன்னது 'ள', நீங்க கேட்டது 'ல'ன்னு அவரே மைக்குல சொல்லட்டும்."

ஜெயபாக்கியத்துக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. என்ன படித்து என்ன?

"எட்டு வருசமா அந்தக் கூம்புக்குப் பக்கத்துல குடித்தனம் பண்றேன் தம்பி. அதுல ளவும் லவும் ஒண்ணாத்தான் வரும். மாப்ள மைக்குல நின்னு கொள்ளாம்னு சொன்னா, கொல்லாம்னு ஊரு முழுக்க நாலு திசையிலயும் கேக்கும்."

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேசை மேல் கிடந்த வெள்ளைத்தாளைப் பார்த்தார். ஆனாலும் மனு எழுதவில்லை. "நாலரைக்கு நான் ஜீப்பு நிக்கிற இடத்துல இருப்பேன்," என்றார். "மாப்பிள்ளை என் பொறுப்பு."

பொறுப்பாம் பொறுப்பு! அவள் வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவி, ரெபேக்காளுக்குச் சோறு போட்டாள்.

"இன்னிக்கு என்னம்மா கூட்டம்?" என்றாள் மகள், தட்டைப் பார்த்தபடி.

"ஏதோ எல்லைக் கூட்டம். உனக்கெதுக்கு அது? சாப்பிடு."

"அவுக வந்ததும் நேரா வீட்டுக்கு வரச் சொல்லும்மா."

"அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோறேன். அப்படியே கூட்டிட்டு வந்துர்றேன்," என்றாள் ஜெயபாக்கியம். எல்லாம் தெரிந்துகொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி கேட்கிற மகளிடம் எல்லாவற்றையும் மறைக்கிற தாய் வேறு எப்படிப் பேசுவாள்? பக்கத்து வீட்டுக் குருவம்மாளை மகளுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு, தூக்குச்சட்டியோடு கிளம்பினாள். கர்த்தாவே, இன்னிக்கு ஒரு நாள் அந்த ஜீப்பு ரிப்பேராகி நிக்கட்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

*

பொட்டல் நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் பலகை மேல் ஆம்ப்ளிபயர் பெட்டி, கீழே பேட்டரி, பக்கத்தில் முக்காலி போட்டுப் பெத்துராஜ். ஜெயபாக்கியம் தூக்குச்சட்டியோடு போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். நாலு கம்பத்தில் நாலு கூம்பு. இரண்டு ஊரைப் பார்த்து, ஒன்று பஸ் ஸ்டாண்டைப் பார்த்து, ஒன்று மலை ரோட்டைப் பார்த்து. வேலை முடிந்து இறங்கி வருகிறவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று தங்கப்பாண்டியே நின்று திருப்பி வைத்தானாம்.

தங்கப்பாண்டி பேச ஆரம்பித்தான். நன்றாகத்தான் பேசினான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

"அந்தக் காட்டை வெட்டுனது யாரு? அட்டைக்கடியில நின்னு ஏலச்செடியை நட்டது யாரு? குளிர் காய்ச்சல்ல செத்து அந்த மண்ணுலயே புதைஞ்சது யாரு? நம்ம அப்பன்! நம்ம ஆத்தா!"

ஜெயபாக்கியத்தின் கண் கலங்கிவிட்டது. அவள் அப்பா அப்படித்தான் செத்தார். போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், அவளுக்கு ஆறு வயதில். இந்தப் பாவி சொல்வதெல்லாம் உண்மை. உண்மையைச் சொல்லிக்கொண்டே வந்து, எந்த இடத்தில் வண்டியைத் திருப்பினான் என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

"இந்த ஊர்ல பொழைச்சு, இந்த ஊர்லயே பொண்ணு கட்டி, இந்த ஊர்ச் சோத்தைத் திங்கிற ஒருத்தன், தமிழன் அடிபட்டான்னதும் என்ன சொன்னான் தெரியுமா? நீங்க சொல்லுங்க. என்ன சொன்னான்?"

"கொல்லாம்!" என்றது முன் வரிசை.

"கேக்கலையே!"

"கொல்லாம்!"

"மலையில இருக்கிறவனுக்குக் கேக்கட்டும்யா! என்ன சொன்னான்?"

"கொல்லாம்! கொல்லாம்! கொல்லாம்!"

அவன் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தான். ஆயிரம் வாய்ச் சத்தம் நாலு கூம்பிலும் புகுந்து வந்தது.

"திருகைக் குறைங்க," என்றாள் புருஷனிடம்.

பெத்துராஜ் குறைத்தார். உடனே முன்னாலிருந்து நாலைந்து பேர், "ஏய் மைக்கு! சத்தத்தைக் கூட்டு!" என்று எழுந்தார்கள். அவர் கை தானாகவே திருகைக் கூட்டியது.

"நிறுத்துங்கங்கறேன்!"

"நிறுத்துனா மருமகனுக்காக நிறுத்துனான்னு ஆயிரும் பாக்கியம். செட்டை உடைச்சிருவாங்க."

"செட்டு உடையட்டும்!"

"அந்தச் சேட்டனை," என்று தங்கப்பாண்டி குரலை இழுத்தான், "அவன் சொன்ன வார்த்தையாலேயே கேக்குறேன். அவனை என்ன செய்யலாம்?"

"கொல்லாம்! கொல்லாம்!"

ஜெயபாக்கியம் குனிந்தாள். பேட்டரியில் மாட்டியிருந்த வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

நாலு கூம்பும் செத்துப்போயின. என்ன ஆயிற்று என்று தெரியாமல் கூட்டமும் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் பார்த்தது. அவ்வளவு பெரிய பொட்டலில் இருமல் சத்தம்கூட இல்லை.

அந்த அமைதியில், பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து ஒரே ஒரு குரல், ரொம்பச் சந்தோஷமாக, தெளிவாகக் கேட்டது.

"கொள்ளாம்! கொள்ளாம்!"

ஏசப்பா!

அவுசேப்பு ஜீப்பிலிருந்து இறங்கி நின்றான். கையில் ஏலக்காய்ப் பை, முகம் முழுக்கச் சிரிப்பு. மலை ரோட்டில் வரும்போதே கூம்புச் சத்தம் அவன் காதில் விழுந்திருக்கிறது. நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று ஊரே ஏதோ ஒன்றை மெச்சுகிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். தன் பாஷையில் மெச்சுகிறார்களே என்று பூரித்துப்போய், அவனும் கையைத் தூக்கி இரண்டு 'கொள்ளாம்' போட்டான். கூம்பு அலறிக்கொண்டிருந்தால் பக்கத்தில் நின்றவனுக்குக்கூட அது கேட்டிருக்காது. அவள் வயரைப் பிடுங்கினாள், அதனால் கேட்டது.

"அந்தா நிக்கிறான்யா!"

அதற்கப்புறம் நடந்ததை ஜெயபாக்கியத்தால் கோவையாகச் சொல்ல முடியவில்லை. சனம் மொத்தமாக அந்தப் பக்கம் சாய்ந்தது. சௌந்தரபாண்டியன் அவுசேப்பின் மேல் விழுந்து அணைத்துக்கொண்டதைப் பார்த்தாள். கற்கள் பறந்ததைப் பார்த்தாள். "மாப்ள! மாப்ள!" என்று கத்திக்கொண்டு ஓடியது தன் குரல்தான் என்று பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. பார்சல் ஆபீசு ஆட்கள் இருவரையும் உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்தியிராவிட்டால், ரெபேக்காள் அன்றே தாலியிழந்திருப்பாள்.

*

விளக்கு வைக்கிற நேரம். போலீஸ் ஸ்டேஷன்.

அவுசேப்புக்கு மண்டையில் ஏழு தையல். ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கண் விழித்ததும் அவன் கேட்டது ஒன்றுதான். "அம்மச்சி, ஞான் எந்து தெற்று செய்து?" என்ன தப்பு செய்தேன் என்று கேட்கிறவனுக்கு அவள் என்ன சொல்வாள்? பக்கத்தில் பெத்துராஜை உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறாள். ரெபேக்காளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

சௌந்தரபாண்டியன் இடது கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு தாளை அவர் முன்னால் தள்ளினார்.

"கல்லெறிஞ்சவன் இருநூறு பேரு. ஒருத்தனையும் அடையாளம் சொல்ல ஆளில்லை. ஆனா பேசினவன் ஒருத்தன்தான். என்ன பேசினான்னு நீங்க வாக்குமூலம் கொடுத்தா, சனங்களுக்குள்ள பகை மூட்டுனான்னு நூத்தி ஐம்பத்து மூணு ஏ-ல இப்பவே தூக்கி உள்ள வச்சிருவேன். இல்லைன்னா, காலையில அவன் தேவாரத்துல பேசுறான். சாயங்காலம் உங்க தெரு வழியா ஊர்வலம்."

தாளில் எல்லாம் எழுதியிருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வக்கீல் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார். எழுதவில்லை.

"போடுங்க தம்பி," என்றாள் ஜெயபாக்கியம்.

"இதே செக்‌ஷன்லதான் மதினி அன்னிக்கு என்னையும் உள்ள போட்டாங்க."

"போட்டா? அதுவும் இதுவும் ஒண்ணா?" காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு இப்போது பொங்கிக்கொண்டு வந்தது. "நீங்க தேசத்துக்குப் பேசுனீக. உங்களை ஜெயில்ல போட்டது அநியாயம். அதைச் சொல்லிச் சொல்லித்தானே உங்க அண்ணன் அழுவாரு! இவன் என் மருமகனைக் கொல்லச் சொல்லி ஊரைக் கூட்டுனான். கண்ணால பாத்தீகல்ல? கல்லடி உங்க மேலயும்தானே விழுந்துச்சு? நீங்க எப்பவாச்சும் யாரையாச்சும் கொல்லுங்கடான்னு சொல்லியிருக்கீகளா?"

அவர் ஏதாவது சட்டம் பேசுவார் என்று அவள் நினைத்தாள். பேசினால் அந்தத் தாளை அவர் முகத்திலேயே எறிவது என்று தயாராகவும் இருந்தாள்.

"சொல்லியிருக்கேன் மதினி," என்றார் சௌந்தரபாண்டியன்.

அவளுக்குச் சரியாகக் காது கேட்கவில்லையோ என்று இருந்தது.

"தேவாரத்துல. கிராம முனிசீப் வீட்டுக்கு எதுத்தாப்புல நின்னுக்கிட்டு, வெள்ளைக்காரனுக்குக் காவடி தூக்குற இவனை என்ன செய்யலாம்னு கேட்டேன். இன்னிக்கு அவன் கேட்டானே, அதே மாதிரி. ஜனங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன். இத்தனை வருசமா எனக்கு மாலை போடுறீங்களே, அந்தப் பேச்சுக்குத்தான்." அவர் பேனாவைத் தாளின் மேல் வைத்தார். "அப்ப மைக்கு கிடையாது. முன்னால நின்ன முப்பது பேருக்குத்தான் நான் சொன்னது கேட்டுச்சு."

ஜெயபாக்கியம் தாளை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அந்த முப்பது பேரும் என்ன செஞ்சாக தம்பி?"

சௌந்தரபாண்டியன் துண்டில் தொங்கிய தன் கையைக் குனிந்து பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.